இராமனும் முப்பட்டகமும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்துள்ள பிள்ளைப்பாக்கத்தில் ஒருபால் ஏரியும் மற்றொருபால் தொழிற்பேட்டையும் உள்ளன. அவ்வூர் மாணவன் ஒருவன் மாலை வேளையில் ஏரிக்கரையில் அமர்ந்து, பள்ளியில் கொடுத்த இயற்பியற் கணக்குகளைச் செய்துகொண்டிருக்கிறான் என்று கொள்வோம். அவன் வாய்பாட்டை எழுதுகிறான். எண்களை உரிய இடங்களில் இடுகிறான். பெருக்கியும் வகுத்தும் விடை காண்கிறான். நூலின் இறுதிப் பக்கத்தைப் புரட்டித் தன் விடை அங்குள்ள விடையோடு ஒத்திருக்கக் கண்டதும், அதன்கீழ் இரண்டு கோடுகள் இழுத்து ஏட்டை மூடிவிடுகிறான். எதிரே நீலமாகக் கிடக்கிறது ஏரி. அந்த நீலம் நீரின் நிறமா, வானத்தின் நிழலா? இக்கணக்கு அவனது நூலில் இல்லை. ஆனால் இதே கணக்கை நடுக்கடலில் கப்பலின்மேல் நின்று செய்து பார்த்த தமிழர் ஒருவர் இருந்தார். அவரே சந்திரசேகர வேங்கட இராமன்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர்; நரம்புக் கருவியாகிய வயலினில் மிக்க ஈடுபாடு உடையவர். இராமன் குழந்தையாய் இருந்தபோதே தந்தையார்க்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணி கிடைக்கக் குடும்பம் அங்குச் சென்று வாழலாயிற்று. வீட்டில் செல்வம் மிகுதியாக இல்லை. நூல்கள் மிகுதியாக இருந்தன. இராமன் தம் பதினோராம் அகவையிலேயே பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியை அடைந்தபோது, மெலிந்த உடலும் சிறுபிள்ளைத் தோற்றமும் உடைய அவரைக் கண்ட ஆங்கிலப் பேராசிரியர் எலியட் என்பார், இப்பிள்ளை வழி தவறித் தம் வகுப்பிற்கு வந்துவிட்டதோ என ஐயுற்று, பி.ஏ. வகுப்பைச் சேர்ந்தவர்தாமா என்று வினவினாராம். அப்பிள்ளை 1904ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறி இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லலாம் என்று ஆசிரியர்கள் கூறினர். ஆனால் அவரது உடல்நிலை அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று சென்னை மருத்துவ அதிகாரி தடுத்துவிட்டார். ஆகவே மாநிலக் கல்லூரியிலேயே எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். இவ்விடத்தில்தான் நாம் சற்று நின்று காணத்தக்க நிகழ்ச்சி ஒன்று நடந்தது. தமிழ் பயிற்றி முதுமை எய்திய யான் இயற்பியற் செய்முறையை விளக்கப் புகுவது துணிச்சலே. ஆயினும் இதனை விளக்காது இராமன் வரலாற்றைச் சொல்லுதல் இயலாது.

முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளத்தல் என்பது மாணவர் பலரும் செய்யும் எளிய செய்முறை. நிறமாலைமானி என்னும் கருவியின் நடுவே வட்டமேடை ஒன்று உண்டு. அதன்மேல் முப்பட்டகத்தை வைத்து, அதன் கூரிய விளிம்பு ஒளி வரும் பக்கத்தை நோக்குமாறு திருப்புதல் வேண்டும். குறுகிய பிளவின் வழியே வரும் ஒளி, விளிம்பின் இருபுறத்து முகங்களிலும் பட்டு இரு திசைகளில் மீளும். முதலில் தொலைநோக்கியை இடப்புறம் திருப்பிப் பிளவின் உருவத்தைக் கண்டு அளவு குறிப்பர். பின்னர் வலப்புறம் திருப்பிக் குறிப்பர். ஓர் அளவு 38 பாகை 20 கலை என்றும், மற்றோர் அளவு 158 பாகை 20 கலை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிற்கும் வேறுபாடு 120 பாகை. அதில் பாதியாகிய 60 பாகையே முப்பட்டகத்தின் கோணம். இவ்வளவே செய்முறை. விடை கிடைத்ததும் மாணவர் ஏட்டில் குறித்து, ஆசிரியரிடம் ஒப்பம் பெற்று, வீடு செல்வர்.

இராமனும் அவ்வாறே அளந்தார். ஆயினும், கோணம் கிடைத்த பின்னரும் அவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுத்திலர். ஒளியானது முப்பட்டகத்தின் முகத்தை ஏறக்குறைய உரசிச் செல்லுமாறு மிகச் சாய்ந்து விழும்போது, பிளவின் உருவத்திற்கு இருமருங்கும் மெல்லிய ஒளிப்பட்டைகள் தோன்றின. குறுகிய இடத்தின் வழியே செல்லும் ஒளி, விளிம்புகளில் சற்றே வளைந்து பரவுதலால் இத்தகைய பட்டைகள் உண்டாகும் என்பது முன்னரே அறிந்த செய்தி. இதனை விளிம்பு விளைவு என்பர். நூல்கள் கூறியபடி அப்பட்டைகள் நடுவிடத்தின் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். இங்கோ ஒருபுறத்துப் பட்டைகளினும் மறுபுறத்துப் பட்டைகள் அகன்று காணப்பட்டன.

கருவியின் குறையென்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. இராமன் அதற்குரிய காரணத்தைக் கணக்கிட்டார். அக்காரணத்தை நம் மாணவரும் தம் கணித அட்டவணையைக் கொண்டே உணரலாம். இப்பட்டைகள் கோணத்தின் சைன் மதிப்பில் சமமான இடைவெளி விட்டு அமைவன. 80 பாகைக்குரிய சைன் மதிப்பு 0.9848, 85 பாகைக்குரியது 0.9962; 90 பாகைக்குரியது 1. முதல் ஐந்து பாகையில் மதிப்பு 0.0114 அளவு உயர, அடுத்த ஐந்து பாகையில் 0.0038 அளவே உயருகிறது. எனவே 90 பாகையை நெருங்க நெருங்கச் சைன் மதிப்பில் ஒரே அளவு முன்னேறக் கோணத்தில் மிகுதியாக நகர வேண்டியிருக்கிறது. அப்பக்கத்துப் பட்டைகள் அகன்றுவிடுகின்றன. கதிர் சாயாது நேரே விழும்போது இவ்வேற்றுமை புலப்படாது. மிகச் சாய்ந்து விழும்போது கண்ணுக்கே தெரிகிறது.

இதனைக் கட்டுரையாக எழுதிப் பேராசிரியர் ஜோன்ஸ் என்பாரிடம் கொடுத்தார். பல திங்கள் கழிந்தும் கருத்து ஒன்றும் வரவில்லை. அக்கல்லூரியில் அந்நாளில் பாடம் கற்பித்தல் உண்டேயன்றி ஆராய்ச்சி செய்யும் வழக்கம் இல்லை. எனினும் அப்பேராசிரியர் இராமனை வகுப்புக்கு வரும்படி வற்புறுத்தாது, ஆய்வுக்கூடத்தில் தம் விருப்பம்போல் உழைக்க விட்டார் என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும். இராமன் கட்டுரையைத் தாமே இலண்டனிலிருந்து வெளிவரும் பிலசாபிக்கல் மாகசீன் என்னும் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினார். 1906ஆம் ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தது. அத்திங்களில்தான் அவர்க்குப் பதினெட்டு அகவை நிரம்பிற்று. கட்டுரையின்கீழ் உதவியவர் எனப் பிறர் பெயர் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் பெரும் இயற்பியலாளராகிய இரேலிப் பிரபு இராமனோடு கடிதப் போக்குவரத்துச் செய்தபோது, அவரைக் கல்லூரிப் பேராசிரியர் என்றே கருதி எழுதினார் என்று சொல்வர். இரேலியின் பெயரை நினைவில் கொள்க. அவரை மீண்டும் கடலின்மேல் சந்திக்க இருக்கிறோம்.

1907ஆம் ஆண்டு இராமன் எம்.ஏ. தேர்விலும் முதன்மை பெற்றார். ஆனால் அக்காலத்து இந்தியாவில் அறிவியலையே தொழிலாகக் கொண்டு வாழ வழியில்லை. ஆகவே அரசின் நிதித்துறைத் தேர்வை எழுதி அதிலும் முதலாவதாகத் தேறினார். அவ்வாண்டே உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியேற்றார். பத்தொன்பது அகவையும் நிரம்பாத இளைஞர்க்கு அது பெரும் பதவி. பெற்றோரும் சுற்றமும் மகிழ்ந்தனர். முப்பட்டகத்தின் கதை அத்துடன் முடிந்திருத்தல் வேண்டும்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபசார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876ஆம் ஆண்டில் நிறுவிய கழகம் அது. நல்ல கருவிகள் இருந்தன. அவற்றைக் கையாள்வார் அரியர். கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் தே என்பவர். அவரே பின்னர்ப் பல்லாண்டு இராமனுக்கு உதவியாளராக விளங்கினார். அன்று முதல் விடியற்காலையில் கழகம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் கழகம் என்று இராமனது வாழ்க்கை அமைந்தது. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோது அவ்வூர்களிலும் வீட்டிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1911இல் மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

இக்காலத்தில் அவர் ஆராய்ந்தவற்றுள் பெரும்பாலன இசைக்கருவிகள். வட்டமான தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் ஓசையின் கிளையோசைகள் ஒன்றோடொன்று இயைந்து நில்லா. ஆகவே மேல்நாட்டு முரசங்களில் பண்ணுக்குரிய இனிமை இல்லை. நம் மிருதங்கத்திலோ தோலின் நடுவே இடப்படும் கரிய பசை அந்தத் தோலின் எடையை மாற்றி, கிளையோசைகளை நரம்பிசையிற் போல ஒழுங்குபட வைக்கிறது. இதனை அளந்து காட்டினார் இராமன். அப்பசையை முதன்முதல் தடவிய கைவினைஞர் பெயர் நமக்குத் தெரியாது. அவரும் ஒரு கணக்கைச் செய்தவரே.

1917ஆம் ஆண்டு, முன்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் இருந்த ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் இராமன்பால் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. அரசுப் பணியில் அவர் பெற்றுவந்த ஊதியத்தில் அஃது ஏறக்குறையப் பாதியே. நிதித்துறையில் இருந்திருப்பின் இன்னும் பல படிகள் ஏறியிருப்பார், ஓய்வூதியமும் உறுதி. குடும்பத்தைத் தாங்கும் ஒருவர்க்கு இது விளையாட்டன்று. இராமன் பாதி ஊதியத்தையே ஏற்றார்.

1921ஆம் ஆண்டு ஆக்சுபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டிற்குச் சென்ற இராமன், நார்க்குண்டா என்னும் கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்து நீலத்தின் எதிரொளியே என்பது இரேலியின் விடை. வானம் நீலமாதற்குரிய காரணத்தை உலகிற்கு விளக்கியவர் இரேலி. ஆகவே கடலைப் பற்றிய அவர் சொல்லையும் அறிஞர் ஐயுறவில்லை. விடைநூலின் இறுதிப் பக்கம் போன்று அது விளங்கிற்று.

இராமனது பையில் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவி ஒன்று இருந்தது. அதன் பயனை அறியப் பிள்ளைப்பாக்கத்து ஏரியையே எண்ணிக்கொள்வோம். காற்றில்லாத மாலையில் ஏரியின் மேற்பரப்பு வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும். உள்ளிருக்கும் நீர் தெரியாது. நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தில் மீளும் ஒளியின் அதிர்வுகள் ஒரே தளத்தில் அமைந்துவிடும். நிக்கல் பட்டகத்தை உரியவாறு திருப்பிப் பிடித்தால் அவ்வொளி முழுவதையும் அது மறித்துவிடும். அதாவது, ஏரியின் மேலிருந்து வானத்தை உரித்து எடுத்துவிடலாம். எஞ்சுவது நீருக்குள்ளிருந்து வரும் ஒளியே. நம் ஏரியில் அது பெரும்பாலும் சேற்றின் நிறமாய் இருக்கும்.

கப்பலின் தளத்தில் நின்று இராமன் கடலை அவ்வாறு நோக்கினார். கணக்கு எளிது. நீலம் வானத்தின் எதிரொளியாயின், அவ்வெதிரொளியை நீக்கியதும் நீலம் மறைதல் வேண்டும். மறையவில்லை, முன்னினும் ஆழ்ந்து தோன்றிற்று. எனவே அந்நீலம் நீருக்குள்ளேயே பிறப்பது. காற்றின் மூலக்கூறுகள் கதிரொளியைச் சிதறச் செய்தல்போல நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று இராமன் முடிவு கண்டார். கப்பல் பம்பாய்த் துறையை அடைந்ததும் இதுபற்றிய குறிப்பு நேச்சர் இதழுக்குச் சென்றது. நீர் செவ்வொளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடுதலும் கடல்நீலத்திற்குப் பெருங்காரணம் என்பதை இன்று அறிவோம். ஆகவே இராமனது விடையும் முழுவிடையன்று. ஆனால் இரேலியின் விடை நில்லாது என்று அவர் காட்டியது நிலைத்துவிட்டது.

கல்கத்தா திரும்பிய இராமன் நீர்மங்களில் ஒளி சிதறுதலைத் தம் மாணவர்களைக் கொண்டு ஆராயத் தொடங்கினார். சிதறும் ஒளி, விழும் ஒளியின் நிறத்தையே கொண்டிருக்கும் என்பதே அந்நாளைய கொள்கை. 1923இல் கே. ஆர். இராமநாதன் என்னும் மாணவர், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மிக மெல்லிய கூறு ஒன்று இருக்கக் கண்டார். நீரில் கலந்த அழுக்கே இதற்குக் காரணமாகலாம் என்று கருதி நீர்மத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்து பார்த்தனர். அழுக்கு நீங்கியது, அந்த மெல்லொளி நீங்கவில்லை. கணக்கு ஒத்துவந்த பின்னும் ஏதோ ஒன்று எஞ்சி நின்றது.

1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கே. எஸ். கிருஷ்ணன் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். இவர் இராமநாதபுரம் சீமையைச் சார்ந்த வத்திராயிருப்பில் பிறந்தவர். அடக்கமும் ஆழ்ந்த புலமையும் ஒருங்கே வாய்ந்தவர். ஞாயிற்றின் ஒளியை வில்லையால் குவித்து, நீல ஊதாவை மட்டும் விடும் வடிகண்ணாடியின் வழியே நீர்மத்தில் செலுத்துவர். நீர்மத்தைப் பார்க்கும் இடத்தில், அந்நீல ஊதாவை அறவே தடுக்கும் மற்றொரு வடிகண்ணாடி இருக்கும். சிதறும்போது நிறம் மாறாதாயின் பார்ப்பவர் கண்ணுக்கு இருளே தெரிதல் வேண்டும். ஆனால் ஒளியின் தடம் தெரிந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஏறத்தாழ அறுபது நீர்மங்களில் தெரிந்தது. பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் அத்தடத்தை நிறமாலைகாட்டியின் வழியே நோக்கியபோது, விழுந்த ஒளி ஒருபுறமும், புதிய ஒளி மறுபுறமும், இரண்டிற்கும் இடையே இருள்வெளியும் தெளிவாகக் காணப்பட்டன. அதுவே இராமன் விளைவு. 1987 முதல் அந்நாளை நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.

இவ்விளைவில் மறைந்து கிடப்பதும் ஒரு கழித்தற் கணக்கே. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையை அலை எண் என்பர். பாதரச விளக்கின் நீல ஒளிக்கு அலை எண் 22,938. அதனைப் பென்சீன் என்னும் நீர்மத்தில் செலுத்தினால், சிதறும் ஒளியில் 21,946 என்னும் கோடு ஒன்று புதிதாகத் தோன்றும். கழித்தால் 992. அதே விளக்கின் ஊதா ஒளிக்கு 24,705. அதனைச் செலுத்தினால் 23,713 என்னும் கோடு தோன்றும். மீண்டும் கழித்துப் பார்க்க. அதே 992! விளக்கு எதுவாயினும் வேறுபாடு மாறாது. ஏனெனில் அது விளக்கின் எண்ணன்று, பென்சீன் மூலக்கூறு தனக்குள் அதிரும் அதிர்வின் எண். ஒவ்வொரு பொருட்கும் இத்தகைய தனி எண்கள் உண்டு. ஆகவே பொருளைத் தொடாமலும் சிதைக்காமலும் ஒளியைக் கொண்டே இன்ன பொருள் என்று அறியலாம். மருந்துச் சாலைகளில் மூலப்பொருளைச் சோதிக்கவும் மணிகளின் மெய்ம்மையை அறியவும் இம்முறை பயன்படுகிறது. 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்செவரன்சு ஊர்தியும் அங்குள்ள கற்களை ஆராய இதற்குரிய கருவிகளைக் கொண்டு சென்றது.

அதே காலத்தில் மாசுகோவில் மாண்டல்சுதாம், லாண்ட்சுபெர்க் என்னும் இருவரும் படிகங்களில் இவ்விளைவைத் தனித்தே கண்டனர். எனினும் இராமனது அறிவிப்பு முந்திற்று. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு தமக்கே வரும் என்னும் உறுதியால், அறிவிப்பு வருவதற்குப் பல திங்கள் முன்னரே தமக்கும் மனைவியார்க்கும் கப்பற் சீட்டுப் பதிவு செய்துகொண்டாராம். அத்தகைய தன்னம்பிக்கை எல்லார்க்கும் அழகு செய்யாது, இராமனுக்குப் பொருந்திற்று. பரிசு அவர் ஒருவர்க்கே வழங்கப்பட்டது. இரவு பகலாய் உடனிருந்து உழைத்த கிருஷ்ணனது பெயரை நம் மாணவர்கள் இராமன் பெயரோடு சேர்த்தே சொல்லுதல் முறையென்பது என் கருத்து.

1933இல் இராமன் பெங்களூர் சென்று இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநரானார். முன்கோபமும் எவர்க்கும் வளையாத இயல்பும் அவர்க்கு அங்குப் பல இடர்களை விளைத்தன. 1948இல் தம் பெயராலேயே ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1954இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. வைரங்களையும் மலர்களின் நிறங்களையும் முதுமையிலும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் அகவையில் உயிர்நீத்தார். அவர் உடல் அந்நிலையத்துத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் எதுவும் எழுப்பப்படவில்லை. ஒரு மரம் நிற்கிறது.